விளக்கு வைத்தால் போதுமா, நெய்க்கு என்ன வழி?

கேள்வி:

தென்மாவட்டத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி எங்கள் ஊர். அப்பா நாற்பது வருடம் எண்ணெய் ஆலை நடத்தினார். வயதான பிறகு ஆலை இடத்தை விற்று, அதில் 1 கோடியே 20 லட்சத்தை வங்கியில் போட்டு, தாத்தா பாட்டி பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ பதிவும், நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அனுமதியும் இருக்கின்றன. வட்டியாக வருடத்துக்கு ஏறக்குறைய 8 லட்சத்து 40 ஆயிரம் வருகிறது. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அண்ணன், தம்பி, நான் மூவரும் அறங்காவலர்கள். ஊரில் இருப்பது நான் மட்டும்தான் என்பதால் வேலையெல்லாம் என் தலையில்.

அப்பா நினைவு நாளில் மண்டபம் பிடித்து, நோட்டு, சேலை, தையல் மெஷின் என்று கொடுக்கிறோம். மீதிப் பணம் வீட்டுக்கு வந்து கேட்பவர்களுக்குப் போகிறது. கோயில் கொடை, கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, கபடிப் போட்டி, எல்லாம் உண்டு. இப்போது அண்ணன், பேருந்து நிறுத்தத்தில் அப்பா பெயரில் நிழற்குடையும் அலங்கார வளைவும் கட்டலாம் என்கிறார். தம்பியோ, எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் படிப்புச் செலவு கொடுப்போம் என்கிறான். அண்ணன் மகனின் கல்லூரிக் கட்டணத்தை இதிலிருந்து கட்டலாமா என்ற பேச்சும் வந்தது. இவ்வளவு கொடுத்தும் ஊரில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. வாசலில் நிற்பவரிடம் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. என்னதான் செய்வது?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘இவ்வளவு கொடுத்தும் ஊரில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை.’ இருபத்தெட்டு வருடமாக ஆடிட்டராக இருக்கிறேன். உங்களுடையதைப் போன்ற குடும்ப அறக்கட்டளைகளின் கணக்கைப் பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்ட அறங்காவலர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் ரசீது சரியாக இருந்தால் போதும் என்று எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் கேட்டதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

முதலில் சட்டம் பதில் சொல்லும் விஷயங்களை முடித்துவிடுகிறேன். அண்ணன் மகனின் கட்டணம் வேண்டவே வேண்டாம். அறங்காவலருக்கோ அவருடைய நெருங்கிய உறவுக்கோ அறக்கட்டளைப் பணம் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. அந்தப் பையனுக்கு உதவ நினைத்தால் அத்தை என்ற முறையில் உங்கள் கைப்பணத்தில் கொடுங்கள். குறிப்பிட்ட ஒரு சாதிக்கு மட்டும் என்று வைத்தாலும் இதே கதைதான். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்காக என்று வகுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ‘எங்கள் ஆட்களுக்கு மட்டும்’ என்பதைத்தான் ஏற்காது. சட்டம் இருக்கட்டும். உங்கள் ஆலைக்கு நிலக்கடலையும் எள்ளும் எல்லார் காட்டிலிருந்தும்தானே வந்தன? எண்ணெயையும் எல்லார் வீட்டிலும்தானே வாங்கினார்கள்? தம்பியிடம் இதைச் சண்டையாக்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

கோயில் கொடைக்குக் கொடுக்கலாம். ஆனால் 80ஜி அனுமதி உள்ள அறக்கட்டளை சமயக் காரியங்களுக்கு ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது. உங்கள் கணக்கில் அது 42 ஆயிரம். அப்புறம், ஒருவருக்கு ஒரே நாளில் 10 ஆயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை அறச்செலவாக ஏற்கமாட்டார்கள். மேடையில் கவரில் வைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இந்த வருடமே நிறுத்தி, வங்கி வழியாக அனுப்புங்கள். வருமானத்தில் 85 சதவீதத்தை, அதாவது 7 லட்சத்து 14 ஆயிரத்தை, அந்தந்த ஆண்டே செலவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. கடிதங்களில் பழைய எண்ணையே எழுதிக்கொண்டிருக்காமல் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் கணக்குப் பார்த்த ஓர் அறக்கட்டளை, அரசுப் பள்ளி ஒன்றுக்கு மாணவிகளுக்கான கழிப்பறை கட்டிக் கொடுத்தது. ஆறு லட்சத்துக்கு மேல் செலவு. சுவர் முழுக்க டைல்ஸ், வாசலில் கறுப்புக் கல்லில் பெயர்ப் பலகை. மறுவருடம் அந்தப் பக்கம் போனபோது பார்த்துவிட்டு வரலாம் என்று நுழைந்தேன். பூட்டியிருந்தது. சாவி தலைமையாசிரியையின் மேஜை இழுப்பறையில், சாக்பீஸ் டப்பாவுக்குள் கிடந்தது. மோட்டார் பழுதாகி நான்கு மாதமாம். சுத்தம் செய்ய வந்துகொண்டிருந்த அம்மா, கொடுக்கும் சம்பளம் கட்டுப்படியாகாமல் நின்றுவிட்டாராம். திறந்துவிட்டால் ஒரே வாரத்தில் நாறிவிடும் என்று பயந்து பூட்டியே வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். அந்தத் தலைமையாசிரியை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கையில் என்ன இருந்தது?

அந்த அறங்காவலர்கள் நல்லவர்கள். விஷயத்தைச் சொன்னதும் மோட்டாரைச் சரிசெய்தார்கள். உள்ளூரிலேயே ஒரு பெண்ணை வைத்து மாதச் சம்பளம் கொடுத்தார்கள். பினாயில், துடைப்பம், குழாய் வாஷர் எல்லாவற்றுக்கும் ஒரு சின்னத் தொகை ஒதுக்கினார்கள். கட்டிடத்துக்கான ஆறு லட்சத்தைவிட இந்தச் சில ஆயிரங்கள்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கழிப்பறையைக் கொடுத்தன. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஊருக்குக் கட்டிக் கொடுக்க, வாங்கிக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். கொடுத்ததை நாள்தோறும் நடத்துவதற்கு ஆகும் செலவை யாரும் ஏற்பதில்லை. ஒவ்வொரு வருடமும் வட்டி தவறாமல் வரும் ஓர் அறக்கட்டளையால்தான் அதை ஏற்க முடியும்.

இது நம் முன்னோர் நன்றாகவே அறிந்த விஷயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், அணையாமல் எரியும் நந்தா விளக்கு வைத்தவர்களின் பட்டியல் இருக்கிறது. விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போனதாக அல்ல. ஒரு விளக்குக்கு 96 ஆடு விடுவார்கள். அவற்றை வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டி வந்து எண்ணிக்கை குறையாது என்பதால் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அந்த மந்தைக்குப் பெயர். கைவைக்காமல் வட்டியை மட்டும் எடுக்கும் மூலதனத்தை இன்று நாங்கள் கார்ப்பஸ் என்கிறோம்; அது அந்த ஆடுகள்தான். உங்கள் 1 கோடியே 20 லட்சம் சாவா மூவாப் பேராடு. 8 லட்சத்து 40 ஆயிரம் அன்றாட நெய். அந்த நெய்யை நீங்கள் நாற்பது விளக்குக்கு ஒவ்வொரு சொட்டாக ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். எதுவும் ஒரு ராத்திரி முழுக்க எரிவதில்லை. மாற்றம் தெரியாததற்கு எனக்குத் தெரிந்து இதுதான் காரணம்.

விருதுநகர் பக்கம் வயதானவர்களிடம் கேட்டால் பிடியரிசி பற்றிச் சொல்வார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்காக வீட்டுக்கு வீடு, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். பள்ளிக்கூடம் நடக்க தினமும் செலவு உண்டு என்பதைப் புரிந்துகொண்டு கொடுத்த கொடை அது.

தையல் மெஷினுக்கு வருகிறேன். மெஷின் வாங்கிய வவுச்சர்களை வைத்துக்கொண்டு, பயனாளிகளில் நாலைந்து பேர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். ஒரு வீட்டில் மெஷின் மேல் பழைய சேலை போர்த்தி, அதன் மேல் பிள்ளையின் பள்ளிப் பையும் மருந்துச் சீட்டுகளும் இருந்தன. “பெல்ட் அறுந்துபோச்சு சார், மாத்தணும்னா டவுனுக்குப் போகணும். போய் மாத்தினாலும் தைக்கக் குடுக்க யாரு இருக்கா, எல்லாரும் ரெடிமேடுதானே எடுக்கிறாங்க” என்றார் அந்த அம்மா. நீங்களும் கடந்த மூன்று வருடத்தில் மெஷின் வாங்கியவர்கள் வீட்டுக்கு விழா எதுவும் இல்லாமல், ஒரு சாயங்காலம் சும்மா போய்ப் பாருங்கள். ஓடுகிற மெஷின் எத்தனை என்று எண்ணிவிட்டு, அடுத்த வருடம் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

அந்த மேடையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஒரு விழாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உதவித்தொகை வாங்க வந்தாள். போட்டோகிராபர் நிமிரச் சொன்னதும், வாங்கிய நோட்டுக் கட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள். இறக்கச் சொன்னார்கள். இறக்கினாள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அப்பா நினைவு நாளைத் தாராளமாகக் கொண்டாடுங்கள். பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள், பள்ளிப் பிள்ளைகள், பழைய ஆலைத் தொழிலாளிகள் எல்லாரையும் கூப்பிட்டு, உட்கார வைத்து, இலை போட்டுச் சாப்பாடு போடுங்கள். உதவித்தொகை மட்டும் அவரவர் வங்கிக் கணக்குக்குச் சத்தமில்லாமல் போகட்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். அரசு ஏற்கெனவே எதற்குக் கொடுக்கிறது என்று முதலில் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவமோ பொறியியலோ சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. அப்படியானால் மிஞ்சுவது என்ன? முதல் மாத விடுதி முன்பணம், கவுன்சிலிங்குக்குப் போய்வரும் செலவு, பஸ், புத்தகம், இரண்டாம் செமஸ்டரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும்போது படிப்பை நிறுத்திவிடாமல் இருக்க ஒரு தொகை. வருடம் நாலு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, மூன்று வருடப் படிப்பு முடியும்வரை ஆளுக்கு ஆண்டுக்கு 12 ஆயிரம் கொடுங்கள். மூன்றாம் வருடத்திலிருந்து எப்போதும் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், செலவு 1 லட்சத்து 44 ஆயிரம். ஐந்நூறு பேருக்கு நோட்டு கொடுப்பதைவிட, பன்னிரண்டு பேரைப் பட்டம் வரைக்கும் கொண்டுபோவது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மருத்துவத்திலும் இப்படித்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். சிகிச்சை இலவசம்தான், போய்வருவது இலவசம் இல்லை. கூடப் போகிறவருக்கு அன்றைய கூலியும் போச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வர உடம்பில் தெம்பு இருக்காது, ஆட்டோவுக்குக் காசு இருக்காது. பலர் சிகிச்சையை நடுவில் விடுவதற்கு இது ஒரு காரணம். உங்கள் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பத்துப் பேர் இருந்தால், ஆளுக்கு மாதம் 2000 என்று போக்குவரத்துக்குக் கொடுங்கள். ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ஆகும். இவர்களில் யாரும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்க மாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியரைக் கேளுங்கள், வீட்டு அடையாளத்தோடு சொல்வார்.

பள்ளிக் கழிப்பறைக்கு ஓர் ஆள் சம்பளம் மாதம் 9000 என்றால் ஆண்டுக்கு 1 லட்சத்து 8 ஆயிரம். குழாய், மோட்டார், பூட்டு, தாழ்ப்பாள் என்று பழுதுக்கு 40 ஆயிரம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வாங்கிக்கொண்டு செய்யுங்கள். தலைமையாசிரியை மாற்றலாகிப் போனாலும் ஏற்பாடு நிற்காது. வாசலுக்கு வருபவர்களுக்கு ஆண்டுக்கு 60 ஆயிரம், கோயிலுக்கு 25 ஆயிரம், நினைவு நாள் சாப்பாட்டுக்கு 40 ஆயிரம், கணக்கெழுதும் ஆளுக்கும் தணிக்கைக்கும் 60 ஆயிரம். எல்லாம் கூட்டினால் 7 லட்சத்து 17 ஆயிரம். 85 சதவீத விதிக்குச் சரியாக வந்துவிடுகிறது. பன்னிரண்டு பிள்ளைகள் சேரும்வரை மிஞ்சும் தொகையை அதே பள்ளியின் குடிநீருக்கோ ஆய்வகத்துக்கோ அந்தந்த ஆண்டே செலவிட்டுவிடலாம். மீதி 1 லட்சத்து 23 ஆயிரத்தை டெபாசிட்டோடு சேர்த்துவிடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். இன்றைய 8 லட்சத்து 40 ஆயிரம் பத்து வருடம் கழித்து இதே வேலையைச் செய்யாது. குட்டி சேராத மந்தை தேய்ந்துதான் போகும்.

அண்ணனின் நிழற்குடையை நான் தள்ளிவிடவில்லை. வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு நிழல் வேண்டும்தான். ஆனால் முழுப் பணத்தையும் நீங்களே போடாதீர்கள். அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். பேரூராட்சிச் செயல் அலுவலரைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். யார் கூட்டுவார்கள், லைட் போனால் யார் மாற்றுவார்கள் என்பதையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். அலங்கார வளைவு மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. வளைவின் கீழ் யாரும் வெயிலுக்குக்கூட ஒதுங்குவதில்லை. நம் கொடை வேறொருவரின் பெரிய பணத்தை ஊருக்குள் இழுத்து வருமானால் அதைவிட நல்லது இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அந்த ஊருக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். அவர் கொடுத்தது ஒருமுறை. மத்திய அரசு அதை நடத்தும் செலவு இன்றுவரை காரைக்குடிக்கு வந்துகொண்டே இருக்கிறது.

வாசலில் நிற்பவரிடம் இல்லை என்று சொல்ல உங்களால் முடியாது. முடிய வேண்டிய அவசியமும் இல்லை. ‘நான் கொடுக்கிறேன், நான் மறுக்கிறேன்’ என்ற நிலையிலிருந்து வெளியே வாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை, செவிலியர், ஊர்க்காரர் எல்லாரும் மதிக்கும் ஒரு பெரியவர் என்று குடும்பத்துக்கு வெளியே மூன்று பேரைக் கொண்டு ஒரு குழு வையுங்கள். ஒருவராவது உங்கள் சமூகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மாதம் ஒருநாள் கூடட்டும். ஒரு மனுவுக்கு அதிகபட்சம் 5000, மாத மொத்தமும் 5000 என்று எழுதி ஒட்டிவிடுங்கள். “எழுதிக் குடுங்க அண்ணாச்சி, குழுவுல வச்சுப் பார்த்துச் சொல்லிடுறோம்” என்று சொல்வது உங்களுக்கும் எளிது, கேட்டு வந்தவருக்கும் கௌரவம். அவசர ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் நீங்கள் தனியாக முடிவெடுத்து, பிறகு குழுவிடம் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் குழுவுக்கு இன்னொரு பயனும் உண்டு. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தபோது உயிலில் பெரும் பணத்தைத் தர்மத்துக்கு வைத்துவிட்டுப் போனார். உறவினர் பிணக்கிலும் வழக்கிலும் அது சிக்கி, அந்தப் பணத்தில் சென்னையில் பள்ளிக்கூடம் தொடங்கியது 1842இல்தான். நாற்பத்தெட்டு வருடம்! உங்கள் மூவருக்குப் பிறகு யார் அறங்காவலர், கருத்து வேறுபட்டால் எப்படி முடிவெடுப்பது என்று பத்திரத்தில் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, பத்திரம் இடம் கொடுக்கும் அளவுக்கு இப்போதே விதிகளை எழுதிவிடுங்கள். மூவரும் சுமுகமாக இருக்கும்போது செய்தால் ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை.

சகோதரர்களிடம் பேச்சைத் தொடங்க ஒரு வழி சொல்கிறேன். கோவை பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நான்கு பேர், சொத்தை ஐந்தாகப் பிரித்து ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு வைத்தார்கள். 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையம் அப்படி வந்ததுதான். தர்மத்தையும் கூடப் பிறந்தவராக நினைத்துப் பங்கு கொடுத்தார்கள். உங்கள் அப்பாவும் அதைத்தான் செய்திருக்கிறார். உங்களோடு பிறந்த நான்காவது ஆள் இந்த அறக்கட்டளை. அந்த ஆளின் பங்கிலிருந்து மகன் கட்டணத்தை எடுக்க அண்ணனுக்கு மனம் வராது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த நினைவு நாளுக்கு மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்லிவைப்பார்கள். எது பூட்டிக் கிடக்கிறது, ஏன் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை எனக்கு எழுதி அனுப்பினால், எதை முதலில் எடுப்பது என்று சேர்ந்து பார்க்கலாம். குழு அமைப்பதற்கான தீர்மான மாதிரியையும் அப்போது அனுப்பி வைக்கிறேன்.